வடக்கிருக்க நோட்டரி கையெழுத்து

கோப்பெருஞ்சோழன் கொடுத்துவைத்தவன். பெற்ற பிள்ளைகளோடு பகை வந்தது. மானம் பொறுக்கவில்லை. பட்டினி கிடந்து உயிர்விட வடக்குப் பார்த்து உட்கார்ந்தான். அதுவரை முகம் பார்த்தறியாத நண்பர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து தேடி வந்து கூடவே உட்கார்ந்தார். காரியம் முடிந்தது. தாசில்தாருக்குத் தகவலே போகவில்லை.

இன்றைக்கு அதே சோழன் உட்கார்ந்தால் முதல் கேள்வி, இடம் பட்டாவா புறம்போக்கா. இரண்டாவது கேள்வி, விண்ணப்பம் எங்கே. ‘நான் 18 வயது நிரம்பியவன், தெளிந்த மனநிலையில், யாருடைய தூண்டுதலும் இன்றி’ என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். முதல் சாட்சி பிசிராந்தையார், முகவரிச் சான்று இணைக்கவும். என்னது, சாட்சியும் கூடவே சாகப்போகிறாரா? அப்படியானால் வேறு சாட்சி கொண்டுவரவும். நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ சீல் வைக்க வேண்டும். எல்லாம் முடிந்து மேலே போன மனு ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வரும்: மனுதாரருக்குத் தீராத நோய் இல்லை, அவர் வென்டிலேட்டரிலும் இல்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

சிரிக்கலாம். ஆனால் இதில் பாதி என் கற்பனை இல்லை. வயது, மனநிலை, இரண்டு சாட்சி, நோட்டரி எல்லாம் ‘லிவிங் வில்’ எழுத உச்ச நீதிமன்றம் போட்ட விதிகள். எனக்குத் தீராத நோய் வந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், குழாய்களைச் சொருகி இழுத்தடிக்காதீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாள் அது. நல்ல விஷயம். நீங்களும் எழுதிவையுங்கள். நானும் எழுதப்போகிறேன். என் கோபம் அந்தத் தாளின் மேல் இல்லை. அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதவர்கள் மேல்.

இதைச் சட்டம் என்று பலர் சொல்கிறார்கள். சட்டம் இல்லை. தீர்ப்புதான் இருக்கிறது. சட்ட ஆணையம் 2006-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2012-இல் இன்னொன்று கொடுத்தது. 2016-இல் சுகாதார அமைச்சகம் மசோதா வரைவு ஒன்றை வெளியிட்டு, பொதுமக்களே கருத்துச் சொல்லுங்கள் என்றது. பொதுமக்கள் சொன்னார்கள். அதோடு சரி. கூச்சலுக்கும் வெளிநடப்புக்கும் நேரம் இருக்கிற நாடாளுமன்றத்துக்கு, எல்லா உறுப்பினருக்கும் நிச்சயம் வரப்போகிற ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை.

நாடாளுமன்றம் நழுவியதை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ‘காமன் காஸ்’ அமைப்பு 2005-இல் வழக்குப் போட்டது. 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பு வந்தது. கண்ணியமாகச் சாகவும் உரிமை உண்டு என்று அறிவிக்க 13 வருடம், ஐந்து நீதிபதிகள், 500-க்கும் மேற்பட்ட பக்கங்கள். மனு போட்ட காலத்தில் மரணப் படுக்கையில் இருந்தவர்கள் யாரும் தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை.

அந்த 2018 தீர்ப்பு சொன்ன வழிமுறையைக் கேளுங்கள். உயிலில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் வந்ததும் மருத்துவமனையில் ஒரு குழு: துறைத் தலைவர் ஒருவர், 20 வருட அனுபவமுள்ள நிபுணர்கள் மூன்று பேர். அவர்கள் சரி என்றால் கலெக்டர் இன்னொரு குழு அமைப்பார்: மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரியோடு மறுபடி மூன்று நிபுணர்கள். அவர்களும் சரி என்றால் மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்ப்பார். நம் ஊரில் பாடை தூக்க நான்கு பேர் போதும். நீதிமன்றம் எட்டு டாக்டர்களைக் கேட்டது. ஒரு சின்ன மாவட்டத்தில் இத்தனை மூத்த நிபுணர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் நோயாளி விதிகளை மீறித் தானாகவே செத்துப்போயிருப்பார்.

இது நடக்கிற காரியமில்லை என்று தீவிர சிகிச்சை மருத்துவர்கள் மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் விதிகள் இளகின. கலெக்டர் விடுபட்டார். எட்டு டாக்டர்கள் ஆறானார்கள். 20 வருட அனுபவம் ஐந்தாகியது. குழுக்கள் முடிந்தவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொன்னால் போதும். இந்தத் திருத்தத்துக்கு ஐந்து வருடம். அதற்கும் இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டது. நாடு முழுக்க அது பெரிய செய்தியானது. உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரு மாநில அரசு செய்தால் நம் நாட்டில் அது செய்திதான்.

வழக்கு நடந்தபோது மத்திய அரசு 2017-இல் எடுத்த நிலையை மறந்துவிடக் கூடாது. லிவிங் வில் வேண்டாம் என்றது. ஏன்? தவறாகப் பயன்படுத்துவார்களாம். வயதானவர்களுக்குப் பாதுகாப்பில்லாமல் போய்விடுமாம். கேட்கும்போதே கண் கலங்குகிறது. முதியோர் மேல் இவ்வளவு பாசமுள்ள அதே மத்திய அரசு, 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்குத் தன் பங்காகத் தரும் ஓய்வூதியம் மாதம் 200 ரூபாய். 2007-இல் 200. அதன்பின் பிரதமர் மாறினார், ரூபாய் நோட்டு மாறியது, நாடாளுமன்றக் கட்டடமே மாறியது. 200 மாறவில்லை. நாளுக்கு ஆறு ரூபாய் அறுபத்தேழு காசு. டீக்கடையில் அரை டீ கேட்டால் திட்டுவார்கள். மாநில அரசு மேலே போட்டுக் கொடுப்பதால்தான் கிழவி முழு டீ குடிக்கிறாள். அவளைப் பிள்ளைகள் தீர்த்துக்கட்டிவிடுவார்களோ என்றுதான் டெல்லிக்குக் கவலை. அந்த வேலையில் போட்டிக்கு ஆள் வருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, இந்த உரிமை யாருக்குப் போய்ச் சேர்கிறது? ஐ.சி.யூ. வாசலுக்குப் போவோம். உங்களுக்குத் தெரிந்த இடம்தான். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இரவைக் கழித்திருப்பார். உள்ளே அப்பா. வெளியே மூன்று பிள்ளைகள், ஒரு மருமகன், ஒரு பை நிறைய ஸ்கேன். தினமும் காலையில் இரண்டு நிமிடம் டாக்டர் வருவார். ‘கிரிட்டிக்கல்தான், பார்ப்போம்’ என்பார். பகலில் பில்லிங் கவுண்டரிலிருந்து ஒருவர் வருவார். அவர் ‘பார்ப்போம்’ என்று சொல்ல மாட்டார். தொகையைச் சொல்வார். அப்பாவின் நிலைமையில் நாளுக்கு நாள் தெளிவாகத் தெரிகிற ஒரே எண் அதுதான்.

இந்த வாசலில் இரண்டு விதமான மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பணம் இருப்பவர் ஒரு வகை. இனிப் பிழைக்க மாட்டார் என்று வீட்டுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். மெஷினுக்கே தெரியும். ஆனாலும் மெஷின் ஓடும். அந்தக் குடும்பம் நிறுத்துங்கள் என்றால்தான் சட்டச் சிக்கல், குழு, 48 மணி நேரம், போலீஸ் வருமோ என்ற பயம் எல்லாம் முளைக்கும்.

இன்னொரு வகை, பணம் தீர்ந்தவர். இவர் விஷயத்தில் எந்தக் குழுவும் கூடாது. நிபுணர் யாரும் கருத்துச் சொல்ல மாட்டார். ஒரே ஒரு ஃபாரம். ‘மருத்துவரின் ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’. கைநாட்டு வைத்தாலும் சரி. மருத்துவமனைப் பேச்சில் இவருக்கு ‘லாமா’ என்று பெயர். ஆலோசனையை மீறி வெளியேறியவர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். திபெத்தில் லாமா என்றால் ஆசையைத் துறந்த குரு. இங்கே லாமா என்றால் நகையைத் துறந்தவர், நிலத்தைத் துறந்தவர், கடைசியில் அப்பாவைத் துறந்தவர். ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவார். வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் அமுக்குவதை நிறுத்துவார். வென்டிலேட்டரை நீக்குவது இதுதான். செயலற்ற கருணைக்கொலை இதுதான். நோட்டரி கிடையாது. மாஜிஸ்திரேட் கிடையாது. 500 பக்கத் தீர்ப்பின் ஒரு பக்கம்கூட அந்த ஆம்புலன்ஸில் ஏறவில்லை.

இவர் ஆலோசனைக்கு எதிராகப் போனாராம். யாருடைய ஆலோசனை? இன்னும் இரண்டு லட்சம் கட்டச் சொன்னவருடையது.

நாட்டின் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய் குடும்பங்களின் சட்டைப்பையிலிருந்து நேராகப் போகிறது. இது 2021-22க்கான அரசின் சொந்தக் கணக்கு. முன்பு 64 ஆக இருந்ததைக் குறைத்துவிட்டோம் என்று பெருமையும் பட்டுக்கொள்கிறார்கள். அதே கணக்கில் அரசு ஆரோக்கியத்துக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017-இல் கொள்கை எழுதினார்கள். 2025 சொன்ன தேதியில் வந்துவிட்டது.

இப்போது வலிக்கு வருவோம். உண்மையில் ஆரம்பித்திருக்க வேண்டிய இடம் இதுதான். சாவைப் பற்றிப் பேச நமக்குப் பிடிக்கிறது. தத்துவம் பேசலாம், கீதை பேசலாம், மேல்நாட்டுக் கலாச்சாரம் என்று திட்டலாம். வலி அப்படியில்லை. வலியில் கிடப்பவன் கேட்பது தத்துவமில்லை. மாத்திரை.

அந்த மாத்திரையின் பெயர் மார்ஃபின். புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். விலை மாத்திரைக்குச் சில ரூபாய். அதைச் செய்ய அபின் வேண்டும். அபின் எங்கே விளைகிறது? மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம். அரசு லைசென்ஸ் கொடுத்து, அளந்து பார்த்து, அரசே வாங்கிக்கொள்கிறது. நீமச்சில் ஒரு தொழிற்சாலை, காஜிப்பூரில் ஒரு தொழிற்சாலை. இரண்டும் அரசுடையவை. சட்டப்படி அபின் பிசினை உற்பத்தி செய்து வெளிநாடுகளுக்கு விற்கிற ஒரே நாடு நாம்தான். லண்டன்காரர் வலிக்கும் நியூயார்க்காரர் வலிக்கும் நம் வயல் உதவுகிறது. விருத்தாசலத்துக்காரருக்கு டைக்ளோபினாக் ஊசி.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க வலை விரித்தார்கள். மாட்டியவன் நோயாளி. மார்ஃபின் வைத்திருக்க ஒரு லைசென்ஸ், கொண்டுபோக ஒரு லைசென்ஸ், மாநிலம் தாண்ட இன்னொன்று. கலால் துறை ஒரு பக்கம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பக்கம். ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதி. கணக்கில் பிழை வந்தால் பத்து வருடச் சிறை என்று பயம். எந்த மருந்துக்கடைக்காரர் தொடுவார்? 12 வருடத்தில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது. 1997-இல் மொத்த இந்தியாவும் பயன்படுத்தியது 18 கிலோ. கிட்டத்தட்ட நூறு கோடிப் பேருக்கு 18 கிலோ. அந்தக் காலத்தில் கஞ்சாவும் ஹெராயினும் 97 சதவீதம் குறைந்ததாக யாரும் மார்தட்டவில்லை.

தப்பு நடந்துவிட்டது என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு சட்டத்தைத் திருத்தியது 2014-இல். 29 வருடம். ஒரு தலைமுறையே பல்லைக் கடித்துக்கொண்டு செத்தபிறகு. இனி ஒரே லைசென்ஸ் போதும் என்றார்கள். போதும்தான். ஆனால் பழைய பயம் கெஜட் படிப்பதில்லை. மார்ஃபின் எழுதிப் பழகாத டாக்டர் ஒரு தலைமுறை, வாங்கி வைக்காத மருத்துவமனை ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. லாபம் இல்லாத மாத்திரை, பதிவேடு மட்டும் நிறைய. யார் வாங்கி வைப்பார்? கடைசிக்கால ஆதரவு சிகிச்சை தேவைப்படும் இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குக் கிடைக்கிறது என்று தாராளமாகக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஒன்று, இரண்டு என்பவர்களும் உண்டு. மீதமுள்ள தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு நாம் தயாராக வைத்திருப்பது கண்ணியமாகச் சாகும் உரிமை.

முடியாத காரியமா என்றால், பக்கத்து வீட்டில் முடிந்திருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் ஒரு சின்னக் கிளினிக்காகத் தொடங்கியது, அக்கம்பக்கத்தார் சேர்ந்து கேரளம் முழுக்க வளர்த்த வீட்டு மருத்துவமாகியது. 2008-இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வருவார். புண்ணைக் கழுவுவார். மாத்திரை கொடுப்பார். நம் ஊரிலும் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த வேலையைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பாராட்ட வேண்டியதுதான். பட்டியலில் உள்ளது ஒவ்வொரு பாயருகேயும் வந்தபிறகு இன்னும் சத்தமாகப் பாராட்டலாம்.

அதுவரை தென்மாவட்டக் கிராமங்களுக்குச் சொந்தமாக ஒரு வழிமுறை இருக்கிறது. படுக்கையில் விழுந்த முதியவரை முடித்துவைக்கும் தலைக்கூத்தல். எண்ணெய், குளிர்ந்த நீர், இளநீர், ஊர் மௌனம். காட்டுமிராண்டித்தனம் என்று நகரத்தில் உட்கார்ந்து பதறுகிறோம். பதற வேண்டியதுதான், அது கொலைதான். ஆனால் படுத்த படுக்கையான தாய், கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத மகள், நர்ஸ் இல்லை, மாத்திரை இல்லை என்று அந்த வீட்டை அந்த முடிவுவரை தள்ளியது யார் என்று யாரும் பதறவில்லை. அதைப் பற்றி ‘பாரம்’ என்று ஒரு படம் வந்தது. தேசிய விருது கொடுத்தோம். படத்துக்கு.

நம் ஆட்கள் சிலர் இப்போது கனடாவைப் பார் என்கிறார்கள். பார்ப்போம். அங்கே 2016 முதல் மருத்துவரே ஊசி போட்டுச் சாக உதவலாம். 2021-இல் சாவு அருகில் இல்லாத நோயாளிகளுக்கும் கதவைத் திறந்தார்கள். 2024-இல் 16,499 பேர் அப்படி இறந்தார்கள். அந்த வருடச் சாவுகளில் இருபதில் ஒன்று. கதவைத் திறப்பதற்கு முன்பே, 2020-இல், நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரி கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். பழைய சட்டமும் புதிய சட்டமும் சேர்ந்து மாகாணங்களின் மருத்துவச் செலவில் ஒரு வருடத்தில் மிச்சமாவது 14 கோடியே 90 லட்சம் டாலர். செலவைக் குறைக்க இதைப் பயன்படுத்தச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிக்கையிலேயே எழுதினார்கள். எழுதவேண்டியிருந்தது பாருங்கள். சக்கர நாற்காலிக்கு வீட்டில் லிஃப்ட் கேட்டு வருடக்கணக்கில் அலைந்த தனக்கு, சாக உதவி வேண்டுமா என்று கேட்டார்கள் என ஒரு முன்னாள் ராணுவ வீராங்கனை 2022-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். லிஃப்டுக்கு வரிசை நீளம். சாவுக்கு வரிசை குறைவு.

பிரிட்டனில் 2025 ஜூனில் மக்களவை 314-க்கு 291 என்று சாக உதவும் மசோதாவை நிறைவேற்றியது. எம்.பி.க்கள் மணிக்கணக்கில் உருகிப் பேசினார்கள். அந்த நாட்டில் கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு அரசு கொடுப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதியைப் பழைய துணி விற்றும் மாரத்தான் ஓடியும் திரட்டுகிறார்கள். மசோதாவின்படி சாவு அரசுச் செலவில், வலிக்கு உண்டியல்.

அவர்களாவது மருத்துவமனை கட்டிவிட்டு இந்த விவாதத்துக்கு வந்தவர்கள். நமக்கு என்ன அவசரம்? 200 ரூபாய் கொடுக்கிற கை கையெழுத்திட, 18 கிலோ மார்ஃபின் கொடுத்த கை ஊசி போட, பில்லிங் கவுண்டர்காரர் சாட்சிக் கையெழுத்து வைக்க, நாளைக்கு ஓர் ஏழை ‘தெளிந்த மனநிலையில், யாருடைய தூண்டுதலும் இன்றி’ சாகச் சம்மதித்தால், அந்தத் தாளில் எந்த வார்த்தை உண்மை?

நம் நாட்டில் இந்த வழக்குகளுக்கெல்லாம் முன்னால் நின்றவர் அருணா ஷான்பாக். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் செவிலியர். 1973 நவம்பரில், வேலை பார்த்த இடத்திலேயே, அங்கே வேலை பார்த்த ஒருவனால் சிதைக்கப்பட்டார். அவன் திருட்டுக்கும் தாக்குதலுக்கும் ஏழு வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தான். அவர் 42 வருடம் படுக்கையில் கிடந்தார். எண்பதுகளில் மாநகராட்சி இரண்டு முறை அந்தப் படுக்கையைக் காலிசெய்யப் பார்த்தது. செவிலியர்கள் போராட்டத்தில் இறங்கி மறித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களே கழுவினார்கள், ஊட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். முதுகில் ஒரு படுக்கைப் புண் வரவிடவில்லை. 2011-இல் அவரைச் சாகவிடக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, அதே தீர்ப்பில் மற்றவர்களுக்குச் சாகும் வழியைத் திறந்தது. 2015-இல் நிமோனியா வந்து அவர் போனார். அரசு எதைப் பின்பற்றியது? தீர்ப்பை எடுத்துக்கொண்டது. செவிலியர்களை விட்டுவிட்டது.

காஜிப்பூர் அபின் தொழிற்சாலை கங்கைக் கரையில் 200 வருடமாக இருக்கிறது. அதன் கழிவுநீர்க் கால்வாயில் தண்ணீர் குடிக்கக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக வருமாம். போய்ப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குடித்துவிட்டு மரத்தடியில், சுவரோரத்தில், வாய் திறந்து, கால் பரப்பி, பகல் முழுக்கத் தூங்குமாம். லைசென்ஸ் கேட்பதில்லை. பதிவேட்டில் எழுதுவதில்லை. எந்தக் குரங்குக்கும் வலி இருப்பதாகத் தெரியவில்லை.